லேபிளில் இருந்த டீச்சரம்மா

"நான் மேடை ஏற மாட்டேன். செத்தாலும் ஏற மாட்டேன்!" என்று அழைப்பிதழைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள் அவள்.

கணவன் குனிந்து அதை மீட்டெடுத்தான். "அடியே, வியாபாரிகள் சங்கத்துப் பரிசுடி! ஜெயிச்சா தலைவரோட இருபது ஓட்டலுக்கும் ஒரு வருஷத்துக்கு நம்ம சரக்குதான். சும்மாவா?"

சும்மா இல்லைதான். அந்த ஆர்டர் கிடைத்தால் கொட்டகையில் வேலை செய்யும் ஆறு பெண்களுக்கும் வருஷம் முழுக்க வேலை. நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு துள்ளியது. ஆனால் அதற்கு மேடை ஏற வேண்டுமே!

அவள் தயாரிப்பது கழிப்பறை கழுவும் திரவம். கறையைப் பார்த்தாலே அதற்கு என்ன வயது என்று சொல்லிவிடுவாள். அவள் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் ஊரார் கழிப்பறைகளைக் கழுவிய பின்தெருக்காரர்கள் ஆயிற்றே! முதன்முதலில் வீடு வீடாக விற்கப் போனபோது ஒரு வீட்டம்மா பாட்டிலை வாங்கி முகர்ந்து, "அருமை! எந்தத் தெரு நீ?" என்றாள். பதில் வந்ததும் அதே பாட்டிலை இரண்டே விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுவாரமே லேபிளில் வட்ட முகமும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு டீச்சரம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு டீச்சரம்மா உலகத்திலேயே கிடையாது. ஆனாலும் பாட்டில்கள் பறந்தன. இப்போது அந்த டீச்சரம்மாவுக்குத்தான் பரிசாம்!

"ஏங்க, உங்க தங்கச்சிக்கு வட்ட முகம்தானே?" என்றாள் திடீரென்று.

நாத்தனார் வெளியூர்க்காரி. இங்கே ஒரு ஈ காக்கைக்கும் அவளைத் தெரியாது. "ஜமாய்ச்சுடுவோம் அண்ணி!" என்று அடுத்த பஸ்ஸிலேயே வந்து குதித்தாள்.

மூக்குக்கண்ணாடிக்கு மாமியார் இருக்கிறாரே! அவருடையதை மாட்டியதும் நாத்தனாருக்கு உலகமே கூழாகிவிட்டது.

"அண்ணி, ரெண்டு அண்ணி தெரியறீங்க!"

"ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டு நடந்துக்க."

கண் தெரியாதவளை மேடையில் எப்படி நடத்துவது? அதற்கும் வழி கண்டாள். முடிக்குள் மறைத்து நாத்தனாரின் காதில் இயர்போன். திரைக்குப் பின்னால் போனோடு இவள். "நான் என்ன சொல்றேனோ அதை அப்படியே மைக்ல சொல்லு. சொந்தமா ஒண்ணும் சேர்க்காதே!" என்று பத்துத் தரம் சொல்லி அனுப்பினாள்.

திரைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு பெரியவர் நகம் கடித்துக்கொண்டு நின்றார். லைட் போடுகிறவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் படபடப்பா?" என்றார்.

"எனக்கென்னங்க? மேடையில நிக்கறவங்களுக்குத்தானே அதெல்லாம்."

"அதுவும் சரிதான்," என்று அடுத்த நகத்துக்குப் போனார்.

மேடையில் சங்கத் தலைவர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி நின்றார். கோட்டு அவருக்கு இரண்டு அளவு பெரிது. "வாங்க டீச்சரம்மா!" என்றார். நாத்தனார் கம்பீரமாக நடந்துபோய்ப் பூச்சாடிக்கு வணக்கம் சொன்னாள்.

"இடது பக்கம் திரும்பு," என்று கிசுகிசுத்தாள் இவள்.

"இடது பக்கம் திரும்பு!" என்று மைக்கில் முழங்கினாள் நாத்தனார். சபை மொத்தமும் இடது பக்கம் திரும்பியது.

"பேச்சு கிடக்கட்டும், கறையை எடுத்துக் காட்டுங்க!" என்று தலைவர் கைதட்ட, ஓட்டலிலிருந்து கழற்றிவந்த பழைய கழிப்பறைப் பீங்கான் ஒன்றை இரண்டு பேர் தூக்கிவந்து வைத்தார்கள். இருபது வருஷக் கறை!

"தண்ணி மட்டும் ஊத்திடாதே! ஈரம் பட்டா வேலை செய்யாது!"

அதற்குள் நாத்தனார் ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்து, அதன் மேல் பாட்டில் முழுவதையும் கொட்டியிருந்தாள். நுரை பொங்கி மேடை தாண்டி முன்வரிசைச் செருப்புகளை விசாரிக்கப் போனது.

"அடிப்பாவி, குடியைக் கெடுத்தியேடி!" என்று இவள் அலற, "அடிப்பாவி, குடியைக் கெடுத்தியேடி!" என்று நாத்தனார் தலைவரைப் பார்த்து மைக்கில் சொன்னாள்.

சபை சிரித்தது. "சரக்கு வெறும் நுரைதான்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

பின்கதவு திறந்துதான் இருந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் நல்ல சரக்கை நுரை என்று சொல்லிவிட்டானே! அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக வந்தது. திரையை விலக்கிக்கொண்டு நேரே மேடைக்குப் போனாள். பீங்கானைக் காயத் துடைத்தாள். விளிம்பில் திரவத்தைக் கோடாக ஊற்றினாள்.

"அறுபது எண்ணணும்," என்றாள் மைக்கில். "ஒண்ணு... ரெண்டு..."

சபை அடங்கிப்போனது.

"முப்பது... இதைச் செய்யறவ நான்தான். முப்பத்தொண்ணு... லேபிள்ல இருக்கற அம்மா யாருன்னு எனக்கே தெரியாது. முப்பத்திரெண்டு... நான் பின்தெரு. எங்கம்மா உங்க வீடுகள்ல கழுவினவ. முப்பத்திமூணு..."

அறுபதில் ஒரே ஒரு இழுப்பு. பீங்கான் பளீரென்று வெளுத்தது.

முன்வரிசை அம்மா ஒருத்தி எழுந்து வெளியே போனாள். பின்வரிசையில் கொட்டகைப் பெண்கள் ஆறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்புறம் அரங்கமே தட்டியது. நாத்தனார் பூச்சாடியைப் பார்த்துத் தட்டினாள்.

தலைவர் திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆர்டர் இவங்களுக்குத்தான்!" என்று கூவினார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தலைவருக்கு ரொம்ப நன்றிங்க," என்றாள், கேடயத்தை வாங்கியபடி.

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "நன்றியை அங்க நகம் கடிச்சுட்டு நிக்கறாரே, அவர்கிட்ட சொல்லுங்கம்மா. நான் அவர் டிரைவர். அவரும் உங்க பின்தெருதான், முப்பது வருஷமா எனக்குத்தான் கோட்டை மாட்டி மேடைக்கு அனுப்பறாரு!"