பிறிட்ஜின் மேல் வைத்த நிறைகுடம்

2024ஆம் ஆண்டு யூன் மாதம் 13ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். நல்ல வெயில். சோளகக் காற்று தென்னோலைகளை ஒரு பக்கமாக வாரி விட்டிருந்தது. அரியாலையில் எங்கள் வீட்டுப் படலைக்கு அப்போதுதான் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் பிறிட்ஜ் என்ற குளிர்சாதனப் பெட்டி வந்து சேர்ந்தது. நிமிர்த்தி வைத்தால் காற்றுப் பிரட்டிவிடும் என்று பயந்து, சாரதி அதைக் கிடத்திக் கட்டியிருந்தார். (நிமிடம் வரை எப்படி ஞாபகம் என்று கேட்கவேண்டாம். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். எழுதி வைத்திருக்கிறேன்.)

எழுபத்திரண்டு வயதில் முதல் பிறிட்ஜ் வாங்க ஒரே காரணம் என் மனைவியின் இன்சுலின். அதுவரை ஈரமணல் போட்ட சட்டிக்குள் வைத்திருந்தோம். இந்த வெக்கைக்கு அது போதாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கோ வெக்கையைவிடக் கரண்டுக்குத்தான் பயம். எங்கள் குசினி சீமெந்து நிலம். மனைவி செருப்புப் போடமாட்டாள், கையில் ஈரம் காயவும் விடமாட்டாள். ஒருமுறை கிரைண்டரில் கைவைத்து, உதறிக்கொண்டு பின்னால் விழுந்ததை நேரில் கண்டவன் நான். குசினி அலுமாரியை ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறக்கிறாள் என்று மூன்று நாள் எண்ணிப் பார்த்தேன். சராசரி நாற்பத்தொன்று. பிறிட்ஜையும் அப்படியே திறந்தால், அதில் பாதி ஈரக்கை என்று வைத்தால், மாதத்துக்கு அறுநூற்றுப் பதினைந்து தடவை அவளுடைய உயிர் அந்தக் கைபிடியில் இருக்கும்.

ஆகவே பிறிட்ஜ் வருமுன்னரே வயர்மனைக் கூப்பிட்டேன். அதற்கென்று தனியாக ஒரு பிளக். ஏர்த்துக்குக் கிணற்றடிப் பக்கம் நிலத்தில் புதைத்த ஆறடிச் செப்புக் கம்பி. கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து வீடு முழுவதையும் நிறுத்துகிற றிப் சுவிச். எல்லாம் புதிது.

அடுத்த வளவில் இருக்கும் மனைவியின் தம்பி, என் மச்சான், வேலியால் எட்டிப் பார்த்தார்.

“அத்தான், பிறிட்ஜ் வாங்கின ஆக்களைப் பாத்திருக்கிறன். பிறிட்ஜுக்கு முதல் கம்பி வாங்கித் தாட்ட ஆளை இப்பதான் பாக்கிறன்.”

என் பதில் ஆறடி ஆழத்தில் இருந்தது.

பிறிட்ஜோடு வந்த புத்தகத்தை நான்கு தரம் வாசித்தேன். கிடத்திக் கொண்டுவந்தால், நிமிர்த்தி நான்கு மணித்தியாலம் விட்டுத்தான் சுவிச் போடவேண்டும். சுவருக்கும் அதற்கும் இடையே நான்கு அங்குலம் வேண்டும். நான்கு காலும் மட்டமாக நிற்கவேண்டும். மேலே தண்ணீர்ப் பாத்திரம் வைக்கவே கூடாது. இந்தக் கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடும் போட்டேன்.

மனைவி வாசித்தது பஞ்சாங்கம். சுபநேரம் 10.35 முதல் 11.50 வரை. என் நான்கு மணித்தியாலம் முடிவது 12.20க்கு. அரை மணித்தியாலம் இடிக்கிறது. நானும் இறங்கவில்லை, அவளும் இறங்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: சுபநேரத்துக்குள் நிறைகுடம் வைப்பது, சுவிச்சை 12.20க்குப் போடுவது. நிறைகுடம் இல்லாமல் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் தொடங்கியதில்லை. ஆனால் எங்கே வைப்பது? முன்னால் வைத்தால் கதவு திறக்காது. பக்கத்தில் இடம் இல்லை.

10.40க்கு, வாய்வரை தண்ணீர் நிறைத்த பித்தளைக் குடம், மாவிலை தேங்காயோடு, பிறிட்ஜின் தலையில் ஏறியது. மனைவிக்குக் கை எட்டவில்லை. தூக்கி வைத்தவன் நான். சிவப்புக் கோடு போட்ட அதே கை.

“பொழுதுபட விளக்கு வைச்சாப்பிறகுதான் இறக்கவேணும்” என்றாள்.

சரியாக 12.20க்குச் சுவிச்சைப் போட்டேன். ஓடியது. ஆனால் கடகடவென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் குடத்தின் இடது பக்கத்தால் மட்டும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஆக, பிறிட்ஜ் இடப்பக்கம் சரிந்து நிற்கிறது! நிறைகுடத்தை வைத்து மட்டம் பிடித்த என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலில், சுவிச்சை நிறுத்தவும் மறந்தேன், குடத்தை இறக்கவும் மறந்தேன். நிலத்தில் குந்தி, தோளால் பிறிட்ஜை முட்டுக்கொடுத்துத் தூக்கி, இடது காலைத் திருகினேன். மனைவி உதவிக்கு ஓடிவந்து கைபிடியைப் பிடித்து இழுத்தாள்.

முதலில் வந்தது தேங்காய். என் வலது கால் பெருவிரலில் இறங்கியது. அடுத்தது குடம். கதவில் ஒரு பள்ளம் போட்டுவிட்டு உருண்டது. மேலே கொட்டிய தண்ணீர் பின்பக்கத்தால் வழிந்து பிளக், மோட்டர் எல்லாவற்றையும் குளிப்பாட்டியது.

டக்.

றிப் சுவிச் விழுந்தது. மின்விசிறி சுழன்று ஓய்ந்தது. எனக்கு விரல் நோகவே இல்லை. அவளைத்தான் பார்த்தேன். வெறுங்கால் தண்ணீருக்குள். ஈரக்கை இன்னும் கைபிடியில்.

“என்னப்பா, கரண்ட் நிண்டிட்டுதோ?”

“ஓம். கையை எடும்” என்றேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மச்சான், தேங்காயையும் என் விரலையும் மாறிமாறிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. தன் ஈரக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சிரிக்காதை தம்பி. அந்தாள் தாட்ட கம்பியாலைதான் அக்கா நிண்டு கதைக்கிறன்.”

நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்த முதலாவது சான்றிதழ் அது. திகதியோடு குறித்து வைத்திருக்கிறேன். பிறிட்ஜைத் திருத்தி முடிய ஒன்பது நாள் எடுத்தது. அதுவரை இன்சுலின் மச்சான் வீட்டுப் பிறிட்ஜில் இருந்தது. பதினோராம் நாள் அவருடைய கிணற்றடியிலும் கம்பி தாட்டார்கள். நான் வேலியால் எட்டிப் பார்த்தேன்.

ஆனால் சனம் கம்பியை மறந்துவிட்டது, குடத்தை மறக்கவில்லை. கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ, செருப்பைத் தேடி நான் குனிந்தால் போதும், “மேலை ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ” என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். கனடாவில் இருக்கும் மகள்கூட, நான் தொலைபேசியை எடுத்தவுடன் முதலில் கேட்பது, “அப்பா, குடம் இறக்கியாச்சோ?”

செலவுக் கணக்கு: பிறிட்ஜின் பின்பக்கத்துக்குப் புதுப் பாகம் 16,750 ரூபாய். பிளக் மாற்றியது 1,450. விரலுக்கு மருந்து 620. தேங்காய் உடையவில்லை, மறுநாள் சம்பலாகியது, ஆகவே சேர்க்கவில்லை. கதவுப் பள்ளத்தைத் தட்டி எடுக்க மனைவி விடவில்லை, அதற்கும் செலவில்லை. மொத்தம் 18,820 ரூபாய்.