சலூன்காரரின் நரம்பு வலி

குழந்தையின் ஈரத்துணிகளைப் பிழிந்து பிழிந்து அவள் உள்ளங்கை வெளுத்துப்போயிருந்தது. வாளி நிரம்பிவிட்டது. மாடிக்குத் தூக்கிப்போய்க் கொடியில் போடவேண்டும்.

"என்னங்க, இந்த வாளியைக் கொஞ்சம்..."

நாற்காலியில் சாய்ந்திருந்த சலூன்காரர் உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"காலெல்லாம் சுள்ளு சுள்ளுன்னு இழுக்குதும்மா. நாள் முழுக்க நின்னுகிட்டே முடி வெட்டுறேன்ல? நரம்பு போச்சு."

நரம்புக்கு ஒரு கேடும் இல்லை. இந்த ஜென்மத்தில் இனி வாளி தூக்குவதில்லை என்று சபதம் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. மருந்துக்கடைக்குப் போய் நரம்புக்கு விட்டமின் மாத்திரை வாங்கிவந்தாள். வலி போய்விட்டால் வாளி வந்துவிடுமே! சலூன்காரர் மாத்திரையை வாயில் போடுவார், நாக்குக்கு அடியில் ஒதுக்குவார், அவள் திரும்பியதும் அலமாரியில் கிடந்த காலிப் பவுடர் டப்பாவில் துப்பிவிடுவார்.

"வலி குறைஞ்சிருக்கா?"

"எங்கம்மா... கூடியில்ல இருக்கு."

கொஞ்ச நாளில் டீ ஒரு மாதிரி வாடையடித்தது.

"பால் கெட்டுப்போச்சா?"

"சர்க்கரை போடறேன், குடிங்க."

ஒரு காலை குளியலறையிலிருந்து வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. நேராகப் போய்ப் பாயில் படுத்துவிட்டார். கடை திறக்கவில்லை. கைக்கண்ணாடியில் கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்தார். குழந்தைக்கு இன்னும் அப்பா என்று கூப்பிடக்கூடத் தெரியாது. அதற்குள் இப்படி.

"நான் போனப்புறம் அந்தப் பெரிய கத்தரிக்கோலை மட்டும் உன் தம்பிகிட்ட குடுத்துடாதே."

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுக்கு சாயம் கரைச்ச மாதிரி மஞ்சளாப் போகுது. ஈரல் போச்சு. பொய்யோட சாக மனசு வரலம்மா. எனக்கு வலியே கிடையாது. வாளிக்குப் பயந்துதான் சொன்னேன். மாத்திரையெல்லாம் பவுடர் டப்பாவுல கிடக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த டப்பாவுல இப்ப ஒண்ணுமில்லீங்க. துடைக்க எடுத்தேன், கடகடன்னுச்சு. பொடி பண்ணி உங்க டீயில போட்டுட்டேன். விட்டமின் உள்ளே போனா மஞ்சளாத்தான் போகுமாம். மருந்துக்கடை அக்கா அன்னைக்கே சொல்லிட்டாங்க."

சலூன்காரர் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் முழங்காலைப் பிடிக்க மறந்துபோனார்.

"வலிதான் இல்லையே? இந்த வாளி மாடிக்கு. போர்வை ரெண்டு ஊறுது, அதையும் அலசிடுங்க. அப்புறம் சாயங்காலம் கடையிலேருந்து வந்ததும் நீங்க..."

தொட்டிலில் குழந்தை வீறிட்டது. அவள் ஓடினாள்.

அவள் பாதியில் விட்ட மிச்சத்தையும் கேட்டுக்கொண்டு போய்விடலாமென்று, வாளியும் கையுமாகப் படியிலேயே நின்றார் சலூன்காரர்.