றொனால்ட் மாஸ்டர் பில்டர் பார்க்கிறார்

சாமான் வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு, வாங்க வசதியில்லாதவர்களும் உண்டு. இந்த இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள். கையில் காசு இருக்கும், கடை திறந்திருக்கும், தேடிப்போன சாமான் கண்முன்னால் தொங்கிக்கொண்டும் இருக்கும். ஆனாலும் “பொறுங்க, இன்னும் கொஞ்சம் விசாரிச்சுப் பார்ப்போம்” என்று வெறுங்கையோடு வீடு திரும்புகிற ஓர் இனம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச்சு. ஹட்டன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, உங்கள் புதுச் செருப்பை எங்கே வாங்கினீர்கள், ஏன் மற்றக் கம்பனிச் செருப்பை வாங்கவில்லை, அடிப்பாகம் ஒட்டியதா தைத்ததா என்றெல்லாம் கேட்டு, நீங்கள் இறங்குவதற்குள் அந்தச் செருப்பின் மேல் உங்களுக்கே வெறுப்பு வரவைத்தாரே ஒருவர், அவரேதான். அவர் காலில் இருந்தது என்ன? அறுந்த வாரில் பின் குத்திய பழைய செருப்பு.

இந்த இனத்தில் ஓர் உயர்ந்த சாதி மாதிரி, லிந்துலைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கும் நம்முடைய றொனால்ட் மாஸ்டர். அவருடைய மனைவி இசபெல் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸ். ஒரே மகள் ஷாமிலா. அவள் பேராதனைக்குப் படிக்கப் போகும்போது, தான் சின்னத் தொட்டியொன்றில் வளர்த்த தங்க மீன்களை அப்பாவிடம் ஒப்படைத்தாள்.

“அந்தக் கறுப்பு வால்காரிய மட்டும் கவனமா பாருங்கப்பா. அவ கொஞ்சம் நோஞ்சான்.”

மாஸ்டருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மகள் லீவில் வரும்போது அவள் மீன்கள் அரண்மனையில் நீந்த வேண்டும் என்று முடிவுகட்டினார். மாற்றலாகிப் போன தோட்டத்துத் துரை ஒருவர் தன் பங்களாவில் இருந்த ஆறடிக் கண்ணாடித் தொட்டியைச் சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார். சும்மா வருவதை மாஸ்டர் விசாரிப்பதில்லை. தொட்டி வாசல் வழியாக உள்ளே வந்தது, அதற்கு இடம் விடுவதற்காக அலுமாரி நகர்ந்தது, நகர்ந்த அலுமாரி இடித்துச் சின்னத் தொட்டி உடைந்தது. மீன்களை இசபெல் ஓடிப்போய் உடுப்பு ஊறவைக்கும் நீல பேசினுக்கு மாற்றினாள்.

“ரெண்டே நாள்தான் இசபெல். தண்ணிய சுத்தமாக்க ஒரு பில்டர் வாங்கிப் பூட்டினா முடிஞ்சது.”

அந்த இரண்டு நாட்களுக்குள் தேயிலை ஒரு சுற்றுக் கவாத்து வெட்டித் துளிர்த்துவிட்டது என்று சொன்னால் மிகை என்பீர்கள். இசபெலிடம் கேளுங்கள்.

பில்டர் என்றால் ஒரு பில்டரா? தொட்டியின் ஓரத்தில் தொங்குவது ஒன்று, கல்லுக்கடியில் கிடப்பது ஒன்று, வெளியே வாளிபோல நின்று குழாயால் உறிஞ்சித் துப்புகிற கெனிஸ்டர் ஒன்று, கீழே இன்னொரு தொட்டியே வைத்துத் தண்ணீரை இறக்கி ஏற்றுகிற சம்ப் ஒன்று. மாஸ்டர் யூடியூப்பில் நுழைந்தார். அமெரிக்காக்காரன் கெனிஸ்டர் என்றான், கேரளாக்காரன் சம்ப் என்றான், இரண்டையும் திட்டிய தாடிக்காரன் ஒருவன் எந்த நாட்டான் என்றே தெரியவில்லை. மாஸ்டர் மூன்று பேரையும் நம்பினார். ஹட்டனில் மீன் விற்கும் மதுரனின் கடைக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், பில்டர்களைப் பெட்டியிலிருந்து எடுப்பித்து, மூடியைத் திறப்பித்து, மோந்தும் பார்த்துவிட்டு, “நல்ல சாமான்தான் தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் அவர் தலையைக் கண்டாலே மதுரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ சத்தமாகப் பேசத் தொடங்கினான். மறுமுனையில் யாரும் இல்லை.

மஸ்கெலியாவில் ஒரு மரண வீட்டுக்குப் போனபோதும் மாஸ்டரின் ஆராய்ச்சி ஓயவில்லை. இறந்த பெரியவரின் மருமகன் செல்லசாமி வீட்டில் பெரிய தொட்டி வைத்திருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். சவப்பெட்டி முன்னறையில் இருக்கிறது, பெண்கள் அழுகிறார்கள். மாஸ்டர் செல்லசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“தாங்கிக்கங்க தம்பி.”

“என்ன செய்றதுங்க சேர். வயசு போயிருச்சு.”

“உண்மதான்.” ஒரு பெருமூச்சு. குரலை இறக்கி, “நீங்க வச்சிருக்கது கெனிஸ்டரா, சம்ப்பா?”

செல்லசாமி அதை ஏதோ சடங்குக்கு வேண்டிய சாமான் என்று நினைத்து, “அதெல்லாம் மச்சான் பார்த்துக்கிறாருங்க” என்றான்.

வீட்டிலோ இசபெல் டிஸ்பென்சரிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பேசினில் தண்ணீர் மாற்றினாள். குழாயில் வரும் தண்ணீரோ ஐஸ். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. மாஸ்டர் கதவில் சாய்ந்து நின்று, மீன் கழிவில் அமோனியா உண்டாவதையும் அதை நல்ல பக்டீரியா தின்பதையும் படிப்படியாக விளக்கினார்.

“அந்த பக்டீரியா வர்ற வரைக்கும் நீங்க ஒரு வாளி தண்ணி தூக்குங்களேன்” என்றாள் இசபெல்.

“விசயத்த சொல்லும்போது குறுக்க பேசாத.”

ஒரு காலை கறுப்பு வால்காரி பக்கவாட்டில் மிதந்தது. இசபெல் அதை உள்ளங்கையில் ஏந்திக் கணவனிடம் காட்டினாள். மாஸ்டரின் முகமும் ஒரு கணம் விழுந்துதான் போனது. இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் ஒரு கணம்தான். “பார்த்தியா, பில்டர் விசயத்துல அவசரப்பட்டு பிழையானதப் பூட்டியிருந்தா எல்லாமே செத்திருக்கும்” என்றார். மகள் வீடியோ கோலில் மீன்களைக் கேட்டபோது, போனை ஆறடித் தொட்டியின் பக்கம் திருப்பி, “இங்க பாரு, உன் மீனுக்குக் கட்டுற மாளிகைய” என்று சமாளித்தார்.

ஷாமிலா டிசம்பரில், நத்தார் லீவில் வந்தாள். பையைக்கூட இறக்காமல் தொட்டிக்கு முன் போய் நின்றாள். உள்ளே மாஸ்டர் சேகரித்த பில்டர் விளம்பரத் தாள்கள் அடுக்கியிருந்தன. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் பேசின். அங்கே போனாள். பேசினுக்குப் பக்கத்தில் குந்தி எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

“அப்பா, கறுப்பு வால்காரி எங்க?”

வீட்டுவேலை செய்யாமல் வந்த எத்தனையோ பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்திய மாஸ்டர், அந்தப் பிள்ளைகள் நின்ற மாதிரியே நின்றார்.

“அவ கொஞ்சம் நோஞ்சான்தானேம்மா…”

“அதுனாலதானப்பா கவனமா பாருங்கன்னு சொன்னேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் மாஸ்டர் சமாதானம் சொல்லியிருப்பார், அதற்குள் நாலு கம்பனியின் பெயராவது வந்திருக்கும். தாயைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனாள். மதுரனின் கடையில் அவர்கள் நின்றது, மாஸ்டர் வழக்கமாக ஒரு பெட்டியின் மூடியைத் திறப்பிக்க எடுக்கும் நேரம்தான். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஸ்பொஞ்ச் துண்டு, அதற்குக் காற்றூதும் சின்ன மோட்டர், ஒரு முழக் குழாய்.

மாஸ்டர் பதறினார். “ஸ்பொஞ்ச் பில்டரா! ஆறடித் தொட்டிக்கு இது எந்த மூலைக்கும்மா?”

“தொட்டி உங்களோடதுப்பா. இது பேசினுக்கு.”

பேசினில் குமிழிகள் எழும்பின. மீன்கள் முதலில் ஒதுங்கி, பிறகு பக்கத்தில் வந்து பார்த்து, பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டன. தண்ணீர் மாற்றுகிற வேலை நாலைந்து நாளுக்கொருமுறை என்று ஆனது. இசபெல் உடுப்பு ஊறவைக்க வேறொரு பேசின் வாங்கினாள். கணவனைக் கேட்காமல்தான்.

மாஸ்டருக்கு ரோசம் வந்தது. அடுத்த சனிக்கிழமையே போய் மதுரனின் கடையில் இருந்ததிலேயே பெரிய கெனிஸ்டரை வாங்கினார். மதுரன் கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பில்டர் பூட்டியாயிற்று. தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்து, கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்கு வந்தது. பங்குத் தந்தை வந்து பார்த்தார், அதிபர் வந்து பார்த்தார், கினிகத்தேனையிலிருந்து ஒரு பழைய மாணவன் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனான். மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னார். ஷாமிலா லீவு முடிந்து புறப்படும் அன்று கேட்டாள்:

“இப்பவாவது மீன இதுல விடலாமாப்பா?”

மாஸ்டர் திடுக்கிட்டு, இரண்டு கைகளையும் விரித்துத் தொட்டிக்கு முன்னால் நின்றார்.

“மீன விட்டா தண்ணி அழுக்காயிரும்மா!”

இன்றைக்கும் அந்தத் தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் வாழ்கிறது. மீன்கள் குசினியில் கொழுத்துப்போய் இருக்கின்றன.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். இருந்தாலும் ஒரு சந்தேகம்: இதை வாசிக்கத் தொடங்குமுன், மிச்சம் எவ்வளவு இருக்கிறது, முடிவு எப்படி, முன்பே வாசித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு தடவை திரையைக் கீழே தள்ளிப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்?