பற்ற வைக்காத அடுப்பு

பல்கேரியாவின் ஒரு சிறு நகரத்தில், நகராட்சித் தீப்பாதுகாப்புப் பிரிவின் துணைத்தலைவர் பிளாமென் தோடொரொவ், ஞாயிறு மதியம் மனைவி தெமெனுகாவையும் மகள் யோவானாவையும் அழைத்துக்கொண்டு, புதிதாகத் திறந்த 'வெள்ளி நாணல்' ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனார். ஊரில் பாதிப் பேர் அங்கே சாப்பிட்டாயிற்று. மீதிப் பாதி, சாப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தெமெனுகா இரண்டிலும் சேராமல் நின்றதுதான் அந்த வாரம் வீட்டில் நடந்த சண்டைக்குக் காரணம்.

முதலில் பனித்ஸா வந்தது. வீட்டில் அது சுடச்சுட வரும் பாலாடைக்கட்டிப் பலகாரம். இங்கே ஒரு தட்டில் மாவு, ஒரு கிண்ணத்தில் பாலாடைக்கட்டி, பக்கத்தில் ஒரு முட்டை.

"இதை யாரு சுடுவாங்க?" என்றாள் யோவானா.

"மனசுக்குள்ள நீங்களே சுட்டுக்கணும்மா. இப்போ இதுதான் ஃபேஷன்," என்றார் சர்வர்.

அடுத்து உருளைக்கிழங்கு, பச்சையாக, கண்ணாடி போலச் சீவி. பிறகு ஆட்டு விலாவை வெள்ளித்தட்டில் ஏந்தி, மேசை மேசையாகத் தரிசனம் காட்டிவிட்டு, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த மேசையில் மருந்துக்கடைக்காரரின் மனைவி கண்ணை மூடி மூச்சை இழுத்து, "என்னா மணம்!" என்றாள்.

பிளாமென் ஹோட்டல் முதலாளி பொன்ச்சோவைக் கூப்பிட்டார். "அடுப்பு கெட்டுப்போச்சா?"

"புத்தம் புது அடுப்பு சார். நீங்கதான் இன்னும் அனுமதி குடுக்கலை."

"எரியுற அடுப்பைத்தான் சோதிக்க முடியும். விதி தெளிவா இருக்கு."

"அப்போ பத்த வெச்சிரட்டுமா?"

"சோதிக்காத அடுப்பைப் பத்த வெச்சா அபராதம். அதுவும் தெளிவா இருக்கு."

"அதனாலதான் சார் பச்சையாப் போட்டேன். முத நாள் அடி விழும்னு நெனச்சேன். கை தட்டுனாங்க!"

தெமெனுகா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏங்க, ஒரு கையெழுத்துதானே? போட்டுத் தொலைங்களேன், பசி உயிர் போகுது," என்றாள். உடனே மருந்துக்கடைக்காரரின் மனைவி பக்கம் திரும்பி, "கிழங்கு பிரமாதம்!" என்றாள் உரக்க.

ராத்திரியெல்லாம் யோவானாவுக்கு வயிற்றுவலி. தெமெனுகா புருஷனோடு பேசவில்லை. திங்கட்கிழமை பிளாமென் தாமே ஹோட்டலுக்குப் போய், தம் கையாலேயே தீக்குச்சியைக் கிழித்தார். அதிகாரி பற்ற வைத்தால் அது பற்ற வைத்தல் ஆகாது, சோதனையின் ஓர் அங்கம் என்று அவருடைய பணி அனுபவம் அவருக்கு எடுத்துரைத்தது. அனுமதி வழங்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு மூவரும் திரும்பப் போனார்கள். பனித்ஸா ஆவி பறக்க வந்தது. ஆட்டு விலா தரிசனத்துக்கு வந்து தட்டிலேயே தங்கியது. யோவானா விரலைச் சூப்பினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு தெமெனுகா புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். மற்ற மேசைகளில் ஈ, காக்கை இல்லை.

பொன்ச்சோ கண் கலங்க வந்து நின்றார். "சார், அடுப்பு எரியுதுன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. 'இதைத்தானே வீட்லயும் திங்கறோம்'னு ஒருத்தரும் வரலை. தயவுபண்ணி அனுமதியை ரத்து பண்ணிடுங்க."

"நல்லா எரியுற அடுப்புய்யா! என்ன காரணம் சொல்றது?"

தெமெனுகா கடைசிச் சாற்றை ரொட்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஏதாவது சொல்லுங்க. அடுத்த வாரம் சோஃபியாவிலேர்ந்து என் தங்கச்சி வர்றா. அவ முன்னாடி வெந்த சாப்பாட்டைப் போட்டு என் மானத்தை வாங்காதீங்க!"

பிளாமென் கடைசி எலும்பை ஏக்கத்தோடு பார்த்தார்.

திங்கட்கிழமை காலை ரத்து ஆணை பிறந்தது. அந்த அலுவலகத்தில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. காரணம் என்ற இடத்தில் அவர் எழுதினார்: 'மேற்படி அடுப்பில் தீ இருப்பது கண்டறியப்பட்டது.'

அலுவலகம் முழுவதும் அதைப் படித்துப் பாராட்டியது. ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோருமே 'வெள்ளி நாணலில்' மேசை சொல்லி வைத்திருந்தார்கள்.