இறால் – ஞாயிறு

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். நான் மட்டும் அதே ஞாயிற்றுக்கிழமையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். தப்பு நம்முடையதாக இருக்கும்போது வருகிற கோபம் இருக்கிறதே, அதை இறக்கி வைக்க ஆளே கிடைக்காது. (கிடைத்தால் சொல்லுங்கள், வந்து கத்திவிட்டுப் போகிறேன்.)

பொத்தேரி காலேஜில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, அஸ்தினாபுரம் வீட்டில் சும்மா கிடந்த காலம். தூண்டில் பைத்தியம் பிடித்திருந்தது. புழு, மாவு உருண்டை எல்லாம் கிடையாது. ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக் இரை. தண்ணீரில் இழுத்தால் உயிருள்ளது போல வாலை ஆட்டும். அதைக் கடையில் வாங்குவது கேவலம் என்று எனக்குத் தோன்றியது. நாலு வருஷம் என்ஜினியரிங் படித்தவனுக்கு ஒரு இறால் செய்ய வராதா?

தாம்பரத்தில் தூண்டில் சாமான் விற்கும் அண்ணனிடம் போய் அளந்துவிட்டேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“இன்னா, நீயே செய்யப் போறியா?”

“டிசைனே என்னுதுண்ணா.”

“செரி. மூணு வாரம் டைம். ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்குள்ள பன்னெண்டு பீஸ் எடுத்துனு வா. தொட்டில வுட்டுப் பாக்குறேன். மீன் கவ்வுச்சுன்னா கடையில மாட்டுறேன். இல்லன்னு வையி, இந்தப் பக்கமே வந்துடாத.”

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் ஆர்டர். குரோம்பேட்டை மார்க்கெட்டில் மீன்கார அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, ஒரு எறா குடுங்க.”

“ஒரு கிலோவா?”

“ஒரு எறா.”

“ஒண்ணே ஒண்ணா? வூட்ல எத்தினி பேரு?”

“சாப்பிட இல்லக்கா. அச்சு எடுக்க.”

அக்கா பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டார். “ஏய், இங்க பாரு. படிச்ச புள்ள. எறாவுக்கு அச்சு எடுக்கப் போவுதாம்!”

இன்னொரு சிக்கல், அது புரட்டாசி. அந்த மாதம் எங்கள் வீட்டில் முட்டை வாசனை வந்தாலே அம்மா வீட்டைக் கழுவிவிடுவாள். தொழிற்சாலை மொட்டை மாடிக்குப் போனது. இறாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் புதைத்து அச்சு எடுத்தேன். வால் மட்டும் என் சொந்த டிசைன்: களிமண்ணில் செய்து ஒட்டிய சின்னத் துடுப்பு. ஆடுவது அதுதான். ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் திரவம் பால் மாதிரி இருக்கும்; சூடு பண்ணினால் தெளியும், அப்போது அச்சில் ஊற்ற வேண்டும். முதல் தடவை அச்சு காய்வதற்கு முன்பே ஊற்றினேன். உள்ளிருந்த ஈரம் கொதித்து என் சட்டை மேல் கக்கியது. (சட்டை அப்பாவுடையது.) அடுத்தது தலையில்லாமல் வந்தது. அதற்கடுத்தது வாலில்லாமல். அச்சைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், அந்த ஒற்றை இறாலின் குடும்பத்தையே திட்டினேன். மூன்றாவது வாரக் கடைசியில் ஒருவழியாகப் பன்னிரண்டு தேறின. ஆரஞ்சு நிறம், உள்ளே ஜிகினா. மீனை மயக்க நெத்திலிக் கருவாட்டுப் பொடியில் வேறு புரட்டினேன்.

புரட்டாசியில் கருவாடு! அம்மா மூக்குக்கு எட்டினால் இறாலோடு என்னையும் தெருவில் வீசுவாள். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில் சொருகினேன். (என்ஜினியர் அல்லவா?) லேபிளும் ஒட்டினேன். மாடல் பெயர், டெலிவரி நாள்:

இறால் – ஞாயிறு.

சனிக்கிழமையோடு புரட்டாசி முடிந்தது. ஞாயிறு நான் கண் விழித்தபோது மணி பதினொன்று. வீடெல்லாம் பூண்டும் மிளகாயும் வதங்கிய வாசனை. அப்பா தட்டோடு உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரமாக மென்றுகொண்டிருந்தார்.

“எறா வேகலடி.”

“அரை மணி நேரம் தொக்குல கொதிச்சிருக்கு. நல்லா மென்னு சாப்பிடுங்க.”

“உள்ள என்னமோ மினுங்குது?”

“ஃப்ரெஷ் எறான்னா மினுங்கும். ஓடுகூட இல்ல, சுத்தம் பண்ணியே வாங்கிட்டு வந்திருக்கான் புள்ள.”

நான் தட்டை எட்டிப் பார்த்தேன். “யாரைக் கேட்டும்மா சமைச்ச?”

“எறாவை யாரைக் கேட்டுடா சமைக்கணும்?”

“அது எறா இல்ல! பிளாஸ்டிக்! மீன் பிடிக்கிறதுக்கு!”

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். வாயில் இருந்ததைத் தட்டோரத்தில் துப்பினார். வால் ஆடியது. கொதித்து, மென்று, துப்பிய பிறகும் ஆடியது. (டிசைன் அப்படி.)

“டப்பா மேல எறான்னு எழுதினது யாரு? ஞாயிறுன்னு எழுதினது யாரு?” என்று அம்மா கரண்டியை நீட்டினாள். பிறகு குரல் இறங்கியது. “முத முறையா புள்ள வீட்டுக்குன்னு ஒண்ணு வாங்கியிருக்கான்னு பக்கத்து வீட்ல வேற சொல்லிட்டேன்டா.”

நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். 

பன்னிரண்டையும் தொக்கிலிருந்தும் அப்பா தட்டிலிருந்தும் பொறுக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, வண்டியில் பறந்தேன். ஐந்து நிமிஷம் பாக்கி இருக்கும்போது கடையில் நின்றேன். அண்ணன் ஒன்றை எடுத்து மோந்தார்.

“இன்னாபா, தொக்கு வாசன வருது?”

“சென்ட்ணா. புது ஃபார்முலா.”

இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தார். “இதுல பல்லு பட்டுக்கீதே. எந்த மீனு கடிச்சுது?”

எங்கப்பா என்று சொல்ல வாய் வரவில்லை.

நூலில் கட்டித் தொட்டியில் விட்டார். தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்தது. வால் ஆடியது, அப்படி ஒரு ஆட்டம்! தொட்டியில் இருந்த விரால் பாய்ந்து வந்து கவ்வியது. நான் கையை உயர்த்திவிட்டேன். விரால் ஒரு தடவை மென்றது. அப்புறம் துப்பியது. அப்பா துப்பிய அதே தினுசில். துப்பிவிட்டு மூலைக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டது.

“வாலுல ஒரு கொறையும் இல்ல தம்பி,” என்றார் அண்ணன். “ஆனா மீனே துப்புது பாரு. வூட்டுக்குப் போ.”

போனேன். வேறு எங்கே போவது?

இன்றைக்கும் எங்கள் வீட்டில் இறால் வைத்தால், அப்பா முதல் துண்டைத் தட்டோரம் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். ஆடவில்லை என்றால்தான் வாயில் போடுவார். விருந்தாளிகள் வந்தால் அவர்களையும் சுண்டச் சொல்வார். அம்மா சிரிப்பதில்லை. ஃப்ரீசர் டப்பா மேல் தன் கையால் லேபிள் மட்டும் ஒட்டிவைக்கிறாள்:

இறால் – நிஜம்.

கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருக்கிறது. அதற்கும் எனக்குக் கோபம்தான்.