டாக்கெட் தனக்குச் சொன்ன நன்றி

வக்கீலாக முளைத்து அரசியல்வாதியாகப் பழுக்கும் ஓர் இனம் உண்டு. எங்கள் கென்டக்கியில் நன்றாக விளையும். குதிரையேறி, ஊர் ஊராக நகரும் நீதிமன்றத்தின் பின்னாலேயே போய், சத்திரத்தில் ஒரே கட்டிலில் எதிர்த்தரப்பு வக்கீலோடு முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கி, விடிந்ததும் அதே ஆளை நீதிபதி முன்னால் அயோக்கியன் என்று கர்ஜிக்கிறவரைக் கண்டால் குறித்துக்கொள்ளுங்கள்: சீக்கிரமே சட்டசபை.

ஹைரம் டாக்கெட் அதில் நல்ல ரகம். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை கண்ணில் பட்டால் போதும், அதையே மேடையாக்கிப் பிரசங்கம் செய்ய ஏறிவிடுவார். ஏறினால் ஏழைக் குடியானவனுக்காக அழுவார். இறங்கினால்? ஜோத்தாம் பிரூட் என்கிற ஏழைக் குடியானவன் நிற்பான். அவன் காடு வெட்டித் திருத்திய சோள நிலத்துக்கு வேறொருவன் பட்டா காட்டுகிறான். வழக்கு டாக்கெட் கையில்.

"அடுத்த அமர்வுல பாத்துக்கலாம், ஜோத்தாம். அவசரப்பட்டா நீதி கெட்டுரும்" என்பார்.

அமர்வுகள் வந்தன, போயின. ஏறிய கட்டைகள்தான் கூடின.

தேர்தலும் வந்தது. எங்கள் ஊரில் ஓட்டு ரகசியமில்லை. தேர்தலை நடத்தும் ஷெரிப் முன்னால் வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர் எழுந்து குனிந்து நன்றி சொல்வார். வேட்பாளர் தன் ஓட்டைப் போட்டியாளருக்குப் போடுவதுதான் மரியாதை. எதிர்த்து நின்ற பெல்ஃபீல்ட், அந்தச் சத்திரக் கட்டிலின் மறுபாதியான வக்கீல், காலையிலேயே டாக்கெட் பெயரைச் சொல்லிவிட்டார். டாக்கெட் கண்கலங்க நன்றி சொன்னார்.

பொழுது சாய்ந்தபோது இருவரும் சமம். மிச்சம் ஜோத்தாமும் டாக்கெட்டும்தான். ஜோத்தாம் வந்து நின்றதுமே டாக்கெட் நன்றி சொல்லப் பாதி எழுந்துவிட்டார்.

"அடுத்த தேர்தல்ல பாத்துக்கலாம், வக்கீலய்யா. அவசரப்பட்டா நீதி கெட்டுரும்."

யார் பெயரையும் சொல்லாமலே ஜோத்தாம் நகர்ந்துகொண்டான். கூட்டத்தின் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. இனி டாக்கெட்டின் முறை. பெல்ஃபீல்ட் தொப்பியைக் கழற்றி, நன்றி சொல்லத் தயாரானார்.

"ஹைரம் டாக்கெட்" என்றார் ஹைரம் டாக்கெட். அதற்காக வழக்கத்தை விட முடியுமா? முழுதாக எழுந்து, ஓட்டுப் போடுகிறவர் நிற்கும் காலி இடத்தைப் பார்த்துக் குனிந்து, அந்த வாக்காளருக்கு மனமார்ந்த நன்றி சொன்னார்.

"தன் வழக்குன்னா மட்டும் அன்னிக்கே தீர்ப்பு" என்ற ஜோத்தாம், தோற்றவர் பக்கம் திரும்பினான். "பெல்ஃபீல்டய்யா, உங்களுக்கு இனிமே நேரம் இருக்கும்ல? எனக்கு ஒரு நிலத் தகராறு இருக்கு."

அடுத்த அமர்விலேயே நிலம் அவனுடையதானது.

வாசகரே, ரொம்பச் சிரிக்க வேண்டாம். யாரிடமோ 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்? பரவாயில்லை. பக்கத்தில் அடிக்கட்டை ஏதாவது காலியாக இருக்கிறதா, பாருங்கள்.