துரையின் மோட்டாரை நிறுத்திய ஏற்காட்டார் இங்கிலீஷ்

சேலம் ஜில்லாவிலேயே இங்கிலீஷைக் கண்டு பயப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் குமாரபாளையத்தில் எங்கள் நெசவாளர் தெருவில் இருந்தார். இங்கிலீஷ்தான் அவரைக் கண்டு பயந்தது.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரைக்குச் சில வருஷம் சமையல் செய்துவிட்டுத் திரும்பியவர். அதனால் எல்லாருக்கும் அவர் ஏற்காட்டார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தறியில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தத் துரை கொடுத்த பழைய தொப்பி தலையில் இருக்கும்.

பிள்ளைகளே, ‘பாரோ’ என்றால் இரவல் வாங்குவது. ‘லெண்ட்’ என்றால் இரவல் கொடுப்பது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். தபால்காரரிடம் போய், “ஐ லெண்ட் யுவர் சைக்கிள்!” என்பார். என் சைக்கிளை எனக்கே இரவல் தருகிறாரே என்று தபால்காரர் திகைத்து நிற்பதற்குள் சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிடும். மனைவியை ‘ஹி’ என்பார். காளை மாட்டை ‘ஷி’ என்பார்.

“ஏனுங்க, பொம்பளைக்கு ஷி இல்லீங்களா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எங்கூட்டுக்காரிய ஒருநாள் எதுத்துப் பேசிப் பாரு சாமி. அப்பறம் நீயே ஹின்னுதான் சொல்லுவ” என்றார்.

அப்போது நான் சொந்தத் தறி போட்டு முதல் பாவை நீட்டியிருந்தேன். பாவு என்பது துணியின் நீளவாட்டு நூல். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவோம். ஈரத்தோடு அவிழ்த்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அறுந்துபோகும். அது காயும்வரை தெருவுக்குள் மாட்டு வண்டிகூட வராது, சுற்றிக்கொண்டுதான் போகும். ஊர் வழக்கம் அப்படி.

கஞ்சி தடவி முடித்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வந்த வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் தெருவுக்குள் நுழைந்தது. டிரைவர் வெளியூர்க்காரன். ஹாரனை அமுக்கி, “தொரைக்கு நேரமாச்சு, எடுங்கய்யா நூலை!” என்று கத்தினான். என் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பாவு போனால் தறியை விற்றுவிட்டு மறுபடியும் கூலி நெசவுக்குப் போக வேண்டியதுதான்.

ஏற்காட்டார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மோட்டாருக்கு முன்னால் போய் நின்றார்.

“குட்மார்னிங் சார்! திஸ் பாய் டிட் பாட் மச் த்ரெட்ஸ். நவ் ஷி ஆர் வெரி வெட்!” இந்தப் பையன் நிறைய நூல் வாங்கினான், அது இப்போது ஈரமாக இருக்கிறது என்று என்னைக் காட்டிச் சொன்னாராம்.

துரையின் முகம் கஷாயம் குடித்த மாதிரி ஆயிற்று. கதவைத் திறந்துகொண்டு இறங்கியே விட்டார். பள்ளிக்கூடம் பார்க்கிறவர் அல்லவா?

“டிட் பை!” என்றார். “மெனி த்ரெட்ஸ்!”

“எஸ் சார். டிட் பை பாட்.”

“நோ, நோ! நாட் ஷி. தே ஆர் வெட்!”

“தேங்க்யூ சார். ஷி தே ஆர் வெட்.”

அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. ‘டிட்’ வந்தால் பின்னால் ‘பாட்’ வராது, ‘பை’தான் வரவேண்டும் என்பதையெல்லாம் பிற்பாடு உங்கள் பாடப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

துரை விடவில்லை. ஏற்காட்டாரும் விடவில்லை. துரை ஒரு தப்பைத் திருத்தினால், இவர் அதோடு இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். டிரைவர் பொறுமையிழந்து ஹாரனைத் தொட்டபோது துரையே அவனை அதட்டினார். வெயில் ஏறியது. காவிரிக் காற்றும் சேர்ந்துகொண்டது. நானும் சம்சாரமும் பாவின் இருபுறமும் ஓடி ஓடி, இழைகள் ஒட்டாமல் இருக்கத் தூரிகை இழுத்தோம். இழைகள் காய்ந்து பிரிந்தன. அவிழ்த்துச் சுருட்டித் தோளில் தூக்கினேன். துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தோற்ற மனிதராக மோட்டாரில் ஏறினார்.

நான் ஏற்காட்டாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணா, வேணும்னேதான் தப்புத் தப்பாப் பேசுனீங்களாங்க?”

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! “தப்பா? நானா? பாவம், அந்தத் தொரைக்குத்தான் அங்கங்க நாக்குத் தடுமாறுச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போற மனுசன், அங்க போயித் தப்பாப் பேசிறக் கூடாதேன்னு பொறுமையாச் சொல்லிக் குடுத்தேன்.”

பிள்ளைகளே, பரீட்சையில் துரை சொன்னபடியே எழுதுங்கள். ஆனால் எங்கள் தெருவைப் பற்றி யாராவது கேட்டால், இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறவர் ஒருவர் அங்கே இருந்தார் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.